தடுப்பூசிக்குப் பின் தோள்பட்டைக் காயம்: அமெரிக்காவில் இழப்பீடு கோர வழி உண்டா?

#1 தேன்மொழி

அனைவருக்கும் வணக்கம். கடந்த அக்டோபரில் ஒரு மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஊசி போட்டவர் நின்றபடியே, சட்டைக் கையை மேலே சுருட்டாமல் கழுத்துப் பக்கத்திலிருந்து இழுத்து இறக்கிவிட்டு, தோளின் உச்சி எலும்பை ஒட்டினாற்போலக் குத்தினார். அன்றிரவே இடது கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை. ஊசி போட்டால் இரண்டு நாள் வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வலி போகவில்லை. இன்றுவரை பின்னால் கையைக் கொண்டுபோய்த் தலை பின்னிக்கொள்ள முடியாமல் மகளைத்தான் கூப்பிடுகிறேன்.

டிசம்பரில் குடும்ப மருத்துவரைப் பார்த்தேன். எம்ஆர்ஐ படத்தில் பர்சா என்னும் திரவப் பையில் வீக்கமும், தசைநாரில் ஒரு சிறு கிழிசலும் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு ஸ்டீராய்டு ஊசியும் தொடர் பிசியோதெரபியும் ஆயிற்று, பாதிக் குணம்தான். தடுப்பூசியால் வரும் இத்தகைய தோள் காயத்துக்கு ‘சிர்வா’ என்று பெயர் உண்டு என்றும், அதற்கு இழப்பீடு பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது என்றும் தோழி ஒருத்தி சொன்னாள். யார்மீது வழக்குப் போடுவது? மருந்துக்கடைமீதா, ஊசி போட்ட அந்தப் பெண்மீதா, மருந்து நிறுவனத்தின்மீதா? அந்தப் பெண் வேலையை இழக்க வேண்டும் என்பது என் எண்ணமன்று. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

#2 ஆவணப்பிரியன்

சகோதரி தேன்மொழி அவர்களுக்கு, நான் வக்கீல் அல்லன். இவ்வகை மனுக்களைத் தயாரிக்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஆவணங்களைத் தொகுக்கும் வேலையில் இருக்கிறேன். ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், நடைமுறை அறிந்த ஒருவர் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட மூவரில் எவர்மீதும் வழக்குப் போட வேண்டியதில்லை. முதற்படியாகப் போடவும் முடியாது. 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின்படி 1988 முதல் தேசியத் தடுப்பூசிக் காய இழப்பீட்டுத் திட்டம் நடந்து வருகிறது. இத்திட்டம் ஏற்கும் தடுப்பூசிகளையும் அவற்றால் வரும் காயங்களையும் பட்டியலிடும் அரசு அட்டவணைக்கு உட்பட்ட தடுப்பூசி ஒன்றால் காயம் ஏற்பட்டதாகக் கருதுபவர், வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்கிறார். எதிர்த்தரப்பாக நிற்பவர் மத்திய சுகாதாரத் துறைச் செயலர். மனுவை விசாரிப்பவர்கள் ‘ஸ்பெஷல் மாஸ்டர்’ எனப்படும் சிறப்பு நடுவர்கள்; ஜூரி கிடையாது. பணம் அரசின் பொது வருவாயிலிருந்து வருவதில்லை. தடுப்பூசி ஒவ்வொன்றின்மீதும், அது தடுக்கும் ஒரு நோய்க்கு 75 சென்ட் வீதம் வரி வசூலித்து ஒரு தனி நிதியில் சேர்க்கிறார்கள்; நீங்கள் போட்டுக்கொண்ட ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட், மூன்று நோய்களுக்கான டீடாப் ஊசிக்கு 2.25 டாலர். அந்த நிதியே இழப்பீட்டைத் தருகிறது. எனவே ஊசி போட்ட பெண்ணின் பெயர்கூட வழக்கில் முக்கியமில்லை. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் மெய்ப்பிக்க வேண்டிய தேவையே இத்திட்டத்தில் இல்லை.

சிர்வா 2017 மார்ச் 21 முதல் அந்த அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையில் இருப்பதன் பலன் பெரிது: அதில் சொன்ன நிபந்தனைகள் பொருந்திவிட்டால், ஊசியால்தான் காயம் என்பதைச் சட்டமே அனுமானித்துக்கொள்ளும். நிபந்தனைகள் நான்கு. வலிக்கு விளக்கம் தரக்கூடிய பழைய தொந்தரவு எதுவும் அதே தோளில் முன்பு இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நின்றிருக்க வேண்டும். கழுத்து நரம்பு நசுங்கல் போன்ற வேறொரு காரணம் அந்த அறிகுறிகளை விளக்குவதாக இருக்கக் கூடாது. இவற்றோடு, ஊசி போட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேலும் விளைவுகள் நீடித்திருக்க வேண்டும் என்பது எல்லாக் காயங்களுக்கும் உரிய பொது விதி.

என் அனுபவத்தில் வழக்குகள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்தில்தான். ஆகவே டிசம்பரில் உங்கள் மருத்துவர் என்ன எழுதினார் என்பதை முதலில் வாங்கிப் படியுங்கள்.

#3 குறிஞ்சிமலர்

நான் பிசியோதெரபிஸ்ட். இத்தகைய தோள்கள் ஒவ்வோர் ஆண்டும் ஃப்ளூ ஊசிப் பருவம் முடிந்தபின் என்னிடம் வருகின்றன. அதனால் உடற்கூற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஊசி இறங்க வேண்டிய இடம், தோளைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசையின் தடித்த நடுப்பகுதி. தோளின் உச்சியில் விரலுக்குத் தட்டுப்படும் அக்ரோமியன் எலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, அக்குளுக்கு மேலே அது அமைந்திருக்கிறது. அந்த எலும்புக்கு அடியில் பர்சா என்னும் வழுவழுப்பான பை ஒன்று உண்டு. அது எலும்பின் விளிம்போடு நின்றுவிடாமல் டெல்டாய்டு தசைக்கு அடியிலும் சற்றுப் படர்ந்திருக்கிறது. ஊசி உயரமாக இறங்கினால், தசையைக் கடந்து மருந்து அந்தப் பைக்குள்ளோ தசைநாரிலோ போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது. நோய் எதிர்ப்பைத் தூண்டுவதற்கென்றே செய்யப்பட்ட மருந்து, இருக்கக் கூடாத இடத்தில் தங்கி நீண்ட அழற்சியை உண்டாக்குகிறது என்பதே மருத்துவர்கள் முன்வைக்கும் விளக்கம். வெறும் ஊசிக் குத்தலின் வலி மூன்று நாளில் ஆறிவிடும். இது மாதக்கணக்கில் நீடித்து, சிலருக்குத் தோள் இறுகிப்போவதில் முடிகிறது.

சகோதரி சொன்ன இரண்டு விவரங்கள் எனக்கு மிகவும் பழகியவை. சட்டையைக் கழுத்துப் பக்கம் இழுத்து இறக்கும்போது கண்ணுக்குத் தெரிவது தோளின் மேற்பகுதி மட்டுமே. கை முழுவதும் வெளியே வந்தால்தான் சரியான இடம் தெரியும். உட்கார்ந்திருப்பவருக்கு நின்றுகொண்டு போட்டால் ஊசியின் கோணமும் மேலிருந்து சரிந்து இறங்கும். ஊசியின் நீளமும் ஆளுக்கேற்ப மாற வேண்டியது. 60 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவருக்கு 5/8 அங்குல ஊசியையும் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டுதல் இருந்தும், எல்லோருக்கும் ஓர் அங்குல ஊசியையே எடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு.

#4 நக்கீரதாசன்

மன்னிக்க வேண்டும், ஒரு மாற்றுக் கருத்து. நாற்பதைக் கடந்தவர்களின் தோளை எம்ஆர்ஐ எடுத்தால், வலியே இல்லாதவர்களிடமும் தசைநார்க் கிழிசல் தென்படுவது சாதாரணம். தோள் இறுகும் நோய் எந்த ஊசியும் போடாத நடுவயதுப் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதிகம் வருகிறது. கோடிக்கணக்கானோர் ஒரே பருவத்தில் ஊசி போட்டுக்கொள்ளும் நாட்டில், அதே வாரத்தில் தற்செயலாகத் தோள்வலி தொடங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க மாட்டார்களா? வக்கீல் அலுவலகங்களின் விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் பலருக்கு வலியும் ஊசியும் ஒன்றாகத் தெரிகின்றன என்பது என் ஐயம்.

இன்னொன்று. காயத்துக்குக் காரணம் மருந்தா, அதைச் செலுத்திய விதமா? விதம்தான் என்றால், தடுப்பூசிக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து ஏன் கொடுக்க வேண்டும்? இதே காரணத்தைச் சொல்லி, சிர்வாவை அட்டவணையிலிருந்து நீக்க சுகாதாரத் துறையே 2020-இல் முன்வந்ததை ஆவணப்பிரியன் ஏன் குறிப்பிடவில்லை?

#5 ஆவணப்பிரியன்

நக்கீரதாசன் ஐயா எழுப்பிய இரண்டும் நியாயமான கேள்விகள். முதற்கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 2016–17 ஃப்ளூ பருவத்தின் தரவுகளை வைத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து லட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ 7.78 பர்சா அழற்சிகள் கூடுதலாக ஏற்படுவதாகக் கணித்தது. அதாவது தற்செயலைக் கழித்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் மிகச் சிறியது. அதற்கு முன்பே, ஊசி குத்துவதற்கும் டெல்டாய்டு பர்சா அழற்சிக்கும் உள்ள காரணத் தொடர்பைச் சான்றுகள் உறுதியாக ஆதரிப்பதாக 2011-இல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பின் நிபுணர் குழு முடிவு சொல்லிவிட்டது. தற்செயலாக வந்த வலிகளை வடிகட்டுவதற்காகத்தான் 48 மணி நேரம் என்ற குறுகிய வாசலை வைத்திருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். மூன்று வாரம் கழித்து வந்த வலியை அந்த வாசல் உள்ளே விடாது.

இரண்டாவது, 2020 ஜூலையில் நீக்கும் முன்மொழிவு வந்ததும், 2021 ஜனவரியில், ஆட்சி மாறுகிற வாரத்தில், அது இறுதி விதியாக வெளியானதும் உண்மை. ஆனால் நடைமுறைக்கு வருமுன்னரே, அதே ஆண்டு ஏப்ரலில் புதிய அரசு அதை விலக்கிக்கொண்டது. நீக்கியிருந்தால் இந்த வழக்குகள் மறைந்திருக்காது. மாநில நீதிமன்றங்களில் மருந்தாளுநர்கள்மீதும் செவிலியர்கள்மீதும் போய் விழுந்திருக்கும். சிறு மருந்துக்கடைகள் ஊசி போடுவதையே நிறுத்திவிடும் என்ற கவலை அப்போது பலரால் எழுப்பப்பட்டது. யார் செய்த பிழைக்கு யார் பணம் கொடுப்பது என்ற உங்கள் கேள்விக்கு இது முழுமையான பதிலாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இழப்பீடு கிடைக்கிறதே தவிர, அந்த மருந்துக்கடையில் அடுத்த ஆண்டும் அதே விதமாக ஊசி போடுவதைத் தடுக்க இத்திட்டத்தில் எதுவும் இல்லை.

#6 செங்காந்தள்

நான் இந்தப் பாதையை முழுவதும் நடந்து முடித்தவள் என்பதால் சில நடைமுறைச் செய்திகள்.

வக்கீல் கட்டணம் பற்றி யாரும் அஞ்ச வேண்டாம். இத்திட்டத்தில் வக்கீலுக்கு உரியதை நீதிமன்றமே தனியாக நிர்ணயித்து நிதியிலிருந்து கொடுக்கிறது. நமக்குக் கிடைக்கும் தொகையிலிருந்து பங்கு கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தோற்றாலும், நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட மனு என்றால் கட்டணம் கிடைக்கும். அப்படியிருந்தும் நல்ல வக்கீல்கள் எல்லா வழக்கையும் எடுப்பதில்லை. நான் முதலில் அணுகியவர் ஆவணங்களைப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார்.

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். ஊசி போடுவதற்கு முந்தைய ஆண்டுகளின் மருத்துவப் பதிவுகளையும் கேட்பார்கள். ஒரு மருத்துவமனை பதிவுகளை அனுப்பவே மாதங்கள் எடுத்துக்கொண்டது. அதன்பின் அரசுத் தரப்பு மருத்துவர் பரிசீலித்து அறிக்கை தருவார். ஏற்றுக்கொண்டால் தொகையைப் பற்றிய பேச்சு தொடங்கும். ஏற்காவிட்டாலும் சமரசம் நடக்கலாம். இத்திட்டத்தில் தரப்படும் இழப்பீடுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு சமரசத்தின் வழியே வருபவைதான். என்னுடையதும் அவ்வாறே முடிந்தது.

தொகையைப் பற்றி: வலிக்கும் துன்பத்துக்குமான உச்சவரம்பு 2,50,000 டாலர். அதைப் பார்த்து ஆசைப்பட்டு உள்ளே வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். அறுவை சிகிச்சை இல்லாத தோள் வழக்குகள் அந்த வரம்பிலிருந்து வெகு தொலைவில் முடிகின்றன. வலி எவ்வளவு கடுமை, எத்தனை நாள் நீடித்தது என்பவற்றையே பார்க்கிறார்கள். இதைத் தவிர, இன்சூரன்ஸ் கொடுக்காத மருத்துவச் செலவுக்கும் இழந்த சம்பளத்துக்கும் கணக்குக் காட்டிப் பெறலாம்.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு நீதிமன்றத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரோடு வெளியாகும். உடல்நிலை விவரங்களை மறைக்க வேண்டுமானால், தீர்ப்பு வந்த 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

#7 தேன்மொழி

அனைவருக்கும் நன்றி. ஆவணப்பிரியன் சொன்னபடி டிசம்பர்ப் பதிவை வாங்கிப் பார்த்தேன், தலை சுற்றுகிறது. “இடது தோளில் சில வாரங்களாக வலி, அடிபட்டதாகத் தெரியவில்லை” என்று ஒரே ஒரு வரி. ஃப்ளூ ஊசி என்ற பேச்சே இல்லை. நான் மருத்துவரிடம் ஊசியைப் பற்றிச் சொன்னேன் என்பது உறுதி. அவர் கணினியைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டே, அதெல்லாம் இருக்காது என்று புன்னகைத்ததுகூட நினைவிருக்கிறது. பிசியோதெரபியின் முதல்நாள் படிவத்தில் மட்டும் “அக்டோபரில் போட்ட ஃப்ளூ ஊசிக்குப் பிறகு தொடங்கியது” என்று என் கைப்பட எழுதியிருக்கிறேன். மருத்துவர் எழுதியதுதான் எடுபடும் என்றால் என் வழக்கு முடிந்துவிட்டதா?

#8 ஆவணப்பிரியன்

முடியவில்லை. இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் அறிகுறி எப்போது தோன்றியது என்பது மருத்துவப் பதிவில் எழுதப்படாமல் போயிருந்தாலும், தவறாக எழுதப்பட்டிருந்தாலும், மற்றச் சான்றுகளை வைத்து அது அட்டவணைக் காலத்துக்குள்தான் (உங்கள் வழக்கில் அந்த 48 மணி நேரத்துக்குள்) தோன்றியது என்று சிறப்பு நடுவர் முடிவு செய்யலாம் எனச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. சிகிச்சை பெறும் நேரத்தில் எழுதப்பட்ட பதிவுகளுக்கு அதிக எடை உண்டு என்று 1993-இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு சொன்னது உண்மையே. ஆனால் நோயாளியின் எல்லா உடல்நிலைகளையும் பதிவுகள் முழுமையாகவும் துல்லியமாகவும் சொல்லிவிடும் என்று அனுமானிக்க வேண்டியதில்லை என்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் கெர்பி வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. பதிவு ஒன்றைச் சொல்லாமல் விடுவதும் அதற்கு முரணாகச் சொல்வதும் வேறு வேறு. உங்கள் பதிவு மௌனமாக இருக்கிறது. “சில வாரங்கள்” என்பது அக்டோபரோடு மோதவும் இல்லை. “நேற்று முதல் வலி” என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு.

இப்போது தேட வேண்டியது அந்த நாட்களில் எழுதப்பட்ட வேறு தடயங்களை. அன்றிரவு யாருக்காவது வாட்ஸ்அப்பில் சொன்னீர்களா? நாங்கள் கையாண்ட ஒரு மனுவில், ஊசி போட்ட மறுநாள் காலையில் தங்கைக்கு அனுப்பிய ஒரு செய்தி, “கையைத் தூக்கவே முடியவில்லை, குழந்தையை அவர்தான் குளிப்பாட்டினார்” என்ற ஒரு வரி, தேதியும் நேரமுமாக நின்று பேசியது. அலுவலகத்துக்கு எழுதிய விடுப்பு மின்னஞ்சல், ஐஸ் பேக் வாங்கிய ரசீது, மருத்துவர் அலுவலகத்தின் இணையவழியே அனுப்பிய குறுஞ்செய்தி என எதையும் ஒதுக்காதீர்கள். இவற்றின் துணையோடு நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் உறுதிமொழி வாக்குமூலம் தரலாம். கைப்பட எழுதிய அந்தப் பிசியோதெரபி படிவம் வழக்கு என்ற நினைப்பே இல்லாத காலத்தது. அதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஊசி எந்தக் கையில் போடப்பட்டது என்பதைக் காட்டும் மருந்துக்கடைப் பதிவையும் உடனே கேட்டு வாங்குங்கள். வலது என்று தவறாகக் குறித்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கணினியில் இயல்பாக வரும் தெரிவை மாற்றாமல் விடுவதால் வரும் வினை அது.

எம்ஆர்ஐயில் உள்ள கிழிசலைக் காட்டி, அது வயதால் வந்தது என்று அரசுத் தரப்பு வாதிடக்கூடும். நக்கீரதாசன் சொன்னதைத்தான் அவர்களும் சொல்வார்கள். அக்டோபருக்கு முன் அந்தத் தோளில் எந்தத் தொந்தரவும் இல்லை என்று காட்டும் பழைய ஆண்டுப் பரிசோதனைப் பதிவுகள் அப்போது கைகொடுக்கும்.

காலக்கெடு: முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. ஊசிதான் காரணம் என்று உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல. 2011-இல் குளோயர் வழக்கில் இது உறுதியாகிவிட்டது.

#9 கடலோடி

என் மைத்துனருக்கு 2021-இல் கோவிட் ஊசி போட்டபின் இதே மாதிரித் தோள் பிடித்துக்கொண்டது. அவரும் இதே நீதிமன்றத்துக்குப் போகலாமா?

#10 ஆவணப்பிரியன்

போக முடியாது. கோவிட் ஊசிகள் இந்த அட்டவணையில் இல்லை. அவை பொதுச் சுகாதார அவசரநிலைகளுக்கான 2005-ஆம் ஆண்டின் பிரெப் சட்டத்தின்கீழ் வேறொரு திட்டத்தில் அடங்குகின்றன. அங்கே நீதிமன்றம் கிடையாது. விண்ணப்பிப்பதும் முடிவெடுப்பதும் சுகாதாரத் துறைக்குள்ளேயே. வலிக்கும் துன்பத்துக்கும் ஒரு டாலரும் இல்லை. வக்கீல் கட்டணமும் தரப்படுவதில்லை. விண்ணப்பிக்க ஊசி போட்ட நாளிலிருந்து ஓர் ஆண்டுதான் அவகாசம் என்பதால் உங்கள் மைத்துனருக்கு அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. ஒரே நாளில் ஒரே தோளில் ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறாகியிருக்கும். அதற்கும் மூன்றாண்டு தாண்டிவிட்டது.

#11 நக்கீரதாசன்

ஒரே ஊசிமுனை, ஒரே தோள், ஒரே காயம். குப்பியில் இருந்த மருந்தைப் பொறுத்து ஒருவருக்கு நீதிமன்றமும் மற்றவருக்கு விண்ணப்பப் படிவமும். இத்திட்டத்தைப் பற்றி எனக்கு இருந்த பல ஐயங்களில் சிலவற்றை இந்த இழை தீர்த்துவிட்டது. இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

#12 முத்துவேல்

என் தாயார் விசிட்டர் விசாவில் வந்திருந்தபோது அவருக்கு ஃப்ளூ ஊசி போட்டோம்; இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார், தோள்வலி தீரவில்லை. குடியுரிமை இல்லாதவர் மனுப் போடலாமா? மாமனாருக்கு ஷிங்கிள்ஸ் (அக்கி) ஊசிக்குப் பிறகு இதே தொல்லை. இருவருக்கும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

#13 ஆவணப்பிரியன்

தாயாருக்குத் தடையில்லை. ஊசி அமெரிக்காவுக்குள் போடப்பட்டதா என்பதையே சட்டம் பார்க்கிறது. குடியுரிமையையோ விசாவையோ அல்ல. சிக்கல் வேறிடத்தில்: ஆறு மாதத்துக்கு மேல் வலி நீடித்ததை ஊரில் உள்ள மருத்துவப் பதிவுகளைக் கொண்டுதான் காட்ட வேண்டும். வீட்டிலேயே தைலம் தேய்த்துக்கொண்டு இருந்தால் பதிவு இராது. எனவே இப்போதே ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டி, வலி எப்போது, எதன்பின் தொடங்கியது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பிரிஸ்கிரிப்ஷன் மட்டும் போதாது. பரிசோதனைக் குறிப்பும் வேண்டும்.

மாமனாருக்கு இத்திட்டம் உதவாது. குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் ஊசிகளே அட்டவணைக்குள் வரும். ஷிங்கிள்ஸ் ஊசி அவ்வகையன்று. அவருக்கு இருப்பது மாநிலச் சட்டப்படியான கவனக்குறைவு வழக்கு மட்டுமே. அதன் காலக்கெடு பல மாநிலங்களில் மூன்று ஆண்டைவிடக் குறைவு என்பதால், அந்த மாநிலத்து வக்கீல் ஒருவரை இந்த மாதமே பார்த்துவிடச் சொல்லுங்கள்.